நாயோட மலையேறப் போறீங்களா?

சனிக்கிழமை வந்தா பெங்களூரு பொட்டி தட்டறவங்கள்ல பாதிப் பேர் மலையேறக் கிளம்பிடறோம். இப்பல்லாம் கூடவே நாயும் வருது. நல்ல விஷயம்தான். நானும் எங்க மணியைக் கூட்டிட்டுப் போறவன்தான். ஆனா அடிக்கடி காதுல விழற ஒரு வசனம்தான் கடுப்பைக் கிளப்புது: "முடியலைன்னா அதுவே நின்னுடும் பாஸ்!"

நிக்காதுங்க. அதுதான் பிரச்சினையே. நீங்க நடக்கற வரைக்கும் அதுவும் நடக்கும், சுருண்டு விழற வரைக்கும். எரர் மெசேஜே காட்டாம திடீர்னு கிராஷ் ஆகற புரோகிராம் மாதிரி. அதனால எப்ப நிக்கணும்ங்கறதை நாமதான் முடிவு பண்ணணும்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்குது. நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். சாவனதுர்கா மாதிரி கருங்கல் மலை வெயில் ஏறினா தோசைக்கல்தான். நமக்கு ஷூ இருக்கு, அதுக்கு? புறங்கையைப் பாறையில வச்சுப் பாருங்க. ஏழெட்டு விநாடி தாங்கலைன்னா மணிக்கும் தாங்காது. விடியக்காலையில ஏறி, வெயில் வர்றதுக்குள்ள இறங்கிடணும். 2003ல வந்த ஹட்ச் விளம்பரத்துல மயங்கி பக் வளர்க்க ஆரம்பிச்சவங்க இந்த ஆட்டத்துக்கே வராதீங்க. சப்பை மூக்கு, சாதாரணமாவே மூச்சுக்குத் திணறும்.

எச்சில் கெட்டியா ஒழுகி, ஈறு செக்கச்செவேல்னு ஆகி, நடை தள்ளாடுச்சுன்னா உடனே நிழலுக்குக் கொண்டுபோங்க. உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. அப்படியே டாக்டர்கிட்ட ஓடுங்க.

அடுத்தது கயிறு. "பாவம், ஃப்ரீயா ஓடட்டுமே"ன்னு அவிழ்த்து விடறாங்க. அந்தப் பக்கக் காடுகள்ல சிறுத்தை இருக்கு, கரடி இருக்கு. சிறுத்தைக்கு நாய்னா அல்வா. கரடியைப் பார்த்துக் குரைச்ச நாய் எங்க ஓடிவரும்? உங்ககிட்டதான், கரடியையும் கூட்டிட்டு :-)

ஆபத்து நாய்க்கு மட்டும் இல்லை. 2018ல கிர் காட்டுல இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்துப்போச்சு. அதுல சிலதுக்கு இருந்தது கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். நம்ம நாய்களுக்கு வர்ற அதே வியாதிதான். அதனால தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணும். சரணாலயம்னா நாயை வீட்லயே விட்டுடணும். ஷோலே எடுத்த ராமதேவர பெட்டா கூட 2012லேர்ந்து பிணந்தின்னிக் கழுகுகளோட சரணாலயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியிலன்னு தடவி உண்ணி இருக்கான்னு பாருங்க. உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்னே போட்டுடும்.

உச்சியில நின்னு போட்டோ எடுக்கற ஆசையெல்லாம் நமக்குத்தான். மணிக்கு நம்மகூட நடந்தா போதும். பாதி மலையில திரும்பினாலும் வாலை ஆட்டிக்கிட்டேதான் வருவான்.