கருணையா? கடனா?

தோழனே!

1945-இல் நியூயார்க் நகரத்து இளைஞர் ஒருவரைப் பட்டாளம் அழைத்தது, சென்றார். 1946-இல் விடைபெற்றார். உள்ளத்தால் தாம் பெண்ணென உணர்ந்த அவருக்குத் தாய்நாட்டில் மருத்துவம் கிட்டவில்லை. 1950-இல் கடல் கடந்து டென்மார்க் சென்று, டாக்டர் கிறிஸ்டியன் ஹாம்பர்கரிடம் ஹார்மோன் மருத்துவம் தொடங்கினார். அவரே கிறிஸ்டீன் ஜோர்கென்சன்!

காலம் மாறியது. 2011-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, அறுவைச் சிகிச்சை நீங்கலாக, இம்மருத்துவத்தைத் தன் மருத்துவமனைகளில் வழங்க ஆணையிட்டது. 2025 மார்ச்சில் அக்கொள்கை கைவிடப்பட்டது. அங்கே முன்பே பெற்று வந்தோரும், படையிலேயே பெற்று விடைபெறுவோரும் தொடரலாமாம். புதிதாகத் தொடங்க வருவோர்க்குக் கதவடைப்பு!

“மக்கள் வரிப்பணமன்றோ?” என்பர். ஆம், காலிழந்த வீரனுக்குச் செயற்கைக் கால் தருவதும் அப்பணமே! அதே ஹார்மோன், வேறு குறைபாட்டுக்கெனில், அதே மருத்துவமனையில் கிடைக்கும். ஆக, மறுக்கப்படுவது மருந்தன்று, மனிதர்!

படைவீரர்க்கு மருத்துவம் கருணையன்று, தோழனே, கடன்! உயிரைப் பணயம் வைத்தோரிடம் அரசு பட்ட கடன். நாணயமுள்ள கடனாளி, கொடுத்தவரின் முகம் பார்த்தா திருப்பித் தருவான்?

எண்ணிப் பார்! எடுத்துச் சொல்!