சிவப்புப் பிரபுவின் பேரொலி

முதலாம் உலகப் போரிலே செந்நிறம் பூசிய விமானத்தில் பறந்து, 80 எதிரி விமானங்களை வீழ்த்தியவன் எனப் பெயர்பெற்ற ஜெர்மானிய வீரன் மன்பிரெட் வொன் றிக்தோபனை உலகம் 'சிவப்புப் பிரபு' என்று அழைத்தது. அப்பட்டத்தின் ஸ்பானிய வடிவமே 'பரோன் ரொஹோ'. அதனை 1980ஆம் ஆண்டில் மட்றிட் நகரத்து இசைஞர் நால்வர் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். அவர்கள் 1982இல் வெளியிட்ட 'வொலூமென் புருத்தால்' என்னும் இசைத்தட்டைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுந்தோம். தலைப்பின் பொருள், 'மூர்க்கமான ஒலியளவு' என்பதாகும். பெயரைக் கேட்ட மாத்திரத்தே பெரியோர் முகஞ்சுளிக்க வேண்டாம். அந்தப் பேரிரைச்சலுக்குள்ளே தாய்மொழி பற்றிய ஒரு வழக்கு அடங்கியிருக்கிறது.

1975 நவம்பரில் சர்வாதிகாரி பிராங்கோ இறக்கும்வரை ஸ்பெயினிலே பாட்டு வரிகளும் தணிக்கைக்குத் தப்பவில்லை. றொக் இசை பயின்ற இளைஞருட் பலர் ஆங்கிலத்திலேயே பாடினர். 1966இல் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஒருசேரக் கவர்ந்த 'பிளாக் இஸ் பிளாக்' என்ற பாட்டைப் பாடிய லோஸ் பிராவோஸ் மட்றிட் நகரத்துக் குழுதான். ஆனால் பாட்டு ஆங்கிலம், பாடகரோ ஜெர்மானியர்! கடல் கடந்து புகழ்பெற வேண்டுமாயின் வேற்று மொழியிற்றான் பாடவேண்டும் என்ற எண்ணம் வேரூன்ற இவ்வெற்றியே போதுமானதாயிற்று. எழுபதுகளின் பிற்பகுதியிலே காற்று மாறியது. மட்றிட்டின் தொழிலாளர் குடியிருப்பான கரபன்செலில் வளர்ந்த ரொசெந்தோ மெர்க்காதோ, 'லேன்யோ' என்ற குழுவை அமைத்துத் தம் தெருவிலே பேசப்படும் மொழியிற் பாடலானார்.

அந்தப் பாதையிலே வந்தவர்கள்தாம் நம் பிரபுக்கள். கார்லொஸ், அர்மாந்தோ என்னும் டி காஸ்ட்ரோ சகோதரர் இருவரும் கித்தார் வாசித்தனர். 'ஷெர்ப்பா' என அழைக்கப்பெற்ற ஹோசே லூயிஸ் கம்புசானோ பாஸ் கித்தாரும் குரலுமாக நின்றார். மேளம் முழக்கிய ஹெர்மெஸ் கலாப்ரியா, உருகுவே நாட்டவர். பாட்டு வரிகளிற் பலவற்றை எழுதியவர் மேடையில் ஏறாத ஒரு பெண்மணி. ஷெர்ப்பாவின் மனைவி கரோலினா கோர்த்தேஸ். ஆண்களின் முழக்கம் என்று கருதப்படும் இவ்விசையின் சொற்களை ஒரு பெண் வனைந்தாள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1981 பெப்ரவரியில் ஆயுதந்தாங்கியோர் ஸ்பானியப் பாராளுமன்றத்துட் புகுந்து, உறுப்பினர்களை இரவு முழுவதும் சிறைவைத்தனர். நாடு அவ்வாறு நடுங்கிய அதே ஆண்டிலேதான் இக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

இரண்டாவது தட்டுக்காக அவர்கள் லண்டனுக்குச் சென்றார்கள். அக்காலத்தில் ஹெவி மெட்டல் இசைக்குத் தலைநகர் அதுவே. டீப் பர்ப்பிள் குழுவின் பாடகராக விளங்கிய இயன் கில்லனுக்கு உரிய கிங்ஸ்வே ஒலிப்பதிவு நிலையத்தில் வேலை நடந்தது. மெல் கொலின்ஸ் சக்ஸபோனும், கொலின் டவுன்ஸ் விசைப்பலகையும் வாசித்து உதவினர். பிரித்தானிய விமானிகளோடு பொருதிய வீரனின் பெயரைச் சுமந்தோர் பிரித்தானியரின் தலைநகரிலே அன்போடு வரவேற்கப்பட்டது வேடிக்கைதான்.

இனி வழக்குக்கு வருவோம். அதே தட்டை ஆங்கிலத்திலும் பாடி ஒரு பதிப்பு ஆயத்தமாயிற்று. ஐயர்ன் மெய்டன் குழுவின் புறூஸ் டிக்கின்சன் மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்தார். கித்தாரும் மேளமும் முன்போலவே இருந்தன. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஆங்கிலப் பதிப்பு இரவல் சட்டை அணிந்தவனைப் போலத் தோன்றும். காரணம் உச்சரிப்பு மட்டுமன்று. 'லோஸ் ரொக்கேரோஸ் வான் அல் இன்ஃபியெர்னோ' என்ற பெயர்பெற்ற பாட்டின் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'றொக் இசைஞர் நரகம் போவார்' என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியில் அதற்கு ஒன்பது அசைகள்; சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் ஐந்தே அசைகள். ஒன்பது அசைக்கு வகுத்த மெட்டிலே ஐந்தைக் கிடத்தினால் ஒன்றில் இழுக்க வேண்டும், அன்றேல் வேறு சொற்களைச் செருக வேண்டும். அதற்கு மேலாக, உயிரொலியில் முடியும் ஸ்பானியச் சொற்கள் பாடகரின் வாயைத் திறந்து வைக்கின்றன. நீட்டிக் கதறுவதற்கு அது பெருவசதி.

பொருளும் அப்படியே. பாதிரிமாரின் சொல்லுக்கு நெடுங்காலம் தலைசாய்த்த நாட்டிலே 'நரகம்' என்ற சொல்லுக்குத் தனிப் பாரம் உண்டு. தம்மைப் பழிப்போர் பக்கமா, இசையின் பக்கமா என்று கேட்டால், கெட்டாலும் இசையோடுதான் கெடுவேன் என்று அப்பாட்டிலே பாடுகிறவன் சொல்கிறான். மட்றிட்டின் இளைஞனுக்கு அது தன் வீட்டுச் சண்டை. லண்டன் இளைஞனுக்கோ அது இன்னொரு துடுக்குப் பாட்டு, அவ்வளவே. 'ரெசிஸ்திரே', அதாவது 'தாக்குப்பிடிப்பேன்', என்பதும் இத்தட்டிலுள்ள பாட்டே. 2020இல் பெருந்தொற்றின்போது ஸ்பானியர் மாடங்களில் நின்று பாடியது இதே பெயருடைய வேறொரு பாட்டாகும், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 'கொன்சியெர்த்தோ பாரா எல்லோஸ்' என்பதோ மறைந்த றொக் இசைஞருக்குச் செலுத்திய அஞ்சலி. எல்லாப் பாட்டுகளும் ஒரே தரத்தன என்று கூறமாட்டோம். சிலவற்றிலே சத்தம் மிகுதி, சரக்குக் குறைவு.

1982 ஆகஸ்டில் இங்கிலாந்தின் றெடிங் இசைவிழாவிலே அவர்களும் மேடையேறினர். புகழ் கடல் கடந்தது. ஆங்கிலத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம் என்று சொல்வோர் இன்றும் உளர். ஆயின், 1983இல் வெளிவந்த 'மெத்தல்மோர்பொசிஸ்' தட்டில் ஒலிப்பது ஸ்பானிய மொழியே. ஆங்கிலச் சந்தை கைநழுவியது உண்மை. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அவர்கள் பெயர் நிலைத்ததும் உண்மை. 1989இல் ஷெர்ப்பாவும் கலாப்ரியாவும் பிரிந்தபின், சகோதரர் இருவருமே குழுவை நடத்தினர்.

இவ்விசைக்குப் புதியவராயின், மட்றிட்டில் மக்கள் முன்னிலையில் வாசித்துப் பதிவுசெய்து 1984இல் வெளியிட்ட இரட்டைத் தட்டிலிருந்து தொடங்குவது நன்று. ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்தே கேளுங்கள். அயலவருக்கும் காதுகள் உண்டல்லவா?