முற்றத்தில் காந்தள் எங்கே?

தமிழர் வீட்டு வாயில்களில் இன்று தென்னமெரிக்கத் தாள்பூக்கொடி வளைந்து நிற்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் முதலில் நிற்கும் காந்தளோ அங்கில்லை. தமிழ்நாட்டரசின் மலர் எதுவெனத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறும் பிள்ளை, அதனை வேலியோரத்திற் கண்டால் பெயர் சொல்லத் திணறுகிறது. ஆசிரியருள்ளும் எத்துணைப் பேர் கண்டிருப்பர்?

காந்தளை வளர்ப்பது அரிதன்று. காட்டோரப் புதரிடையே அடி நிழலிலும் தலை வெயிலிலுமாக வளர்ந்து பழகிய கொடி அது. மரத்தின் அரைநிழல் அதற்குப் போதும். நீர் தேங்காத மண்ணில், மழைக்குமுன், கலப்பைபோல் வளைந்த கிழங்கைக் கிடையாக நட்டு மண்ணால் மூடுக. முளை கிழங்கின் நுனியில்தான் உள்ளது; நுனி ஒடிந்தால் நட்டும் பயனில்லை. இலைநுனியே சுருண்டு பற்றிக்கொள்ளுமாதலின் பந்தல் வேண்டா. அருகில் ஒரு புதர் இருந்தாற் போதும். பூ பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, செந்தீயென முதிரும். பின்னர்க் கொடி காயும். செத்ததென்று பிடுங்கியெறிவோர் பலர்; கிழங்கோ மண்ணுள் உறங்குகிறது. அக்காலத்து நீர் விடற்க.

கிழங்கும் விதையும் கொடுநஞ்சு. சிறார் கைக்கும் ஆடுமாட்டின் வாய்க்கும் எட்டாத மூலையே தகும்.

மூலனூர், ஒட்டன்சத்திரப் பகுதி உழவர் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர்; விதையிலுள்ள கொல்சிசின் மருந்தாகிறது. வணிகர்க்கு அது வெறுங் கண்வலிக்கிழங்கு! காட்டில் தோண்டி விற்போரிடம் வாங்காது, பயிரிடுவோரிடமே கிழங்கு பெறுக. நட்ட இடத்தில் 'காந்தள்' என்றெழுதிய பலகையொன்றும் நிற்கட்டும். தெருவிற் போகும் பிள்ளைகள் படித்துக்கொள்வர்.