ஆறு மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் ஒருவருக்கு இதுவரை 'நெகட்டிவ்' என்றே வந்துகொண்டிருந்த ஹெபடைடிஸ் சி பரிசோதனை, திடீரென்று 'ரியாக்டிவ்' என்று வருகிறது. "ஆறு மாதம் பார்ப்போம், தானாகவே போனாலும் போய்விடும்" என்று அவரை அனுப்பிவைக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அதை நாம் எல்லோரும் சேர்ந்து கைவிட்டாக வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. தொற்றியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேருக்கு, ஆறு மாதத்துக்குள் வைரஸ் மருந்தில்லாமலே நீங்கிவிடும். அன்று கையிலிருந்ததோ இன்டர்ஃபெரான் ஊசி. மாதக்கணக்கில் காய்ச்சலும் அசதியும் மனச்சோர்வும் தந்த மருந்து. தேவைப்படாதவரை அந்த வதையிலிருந்து காக்கவே மருத்துவர்கள் காத்திருந்தார்கள். இன்று சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வைரஸ் ரத்தத்தில் இருப்பது உறுதியானால் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குங்கள் என்றே அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

காத்திருந்தால் சில மாத்திரைகள் மிச்சமாகலாம். ஆனால் பலருக்கு அறிகுறியே இருக்காது. காமாலை கண்டவரும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, கண்ணில் மஞ்சள் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார். மறுபரிசோதனைக்கு அவர் வருவார் என்பதற்கு என்ன உறுதி? அதற்குள் வைரஸ் அடுத்த படுக்கைக்குப் போயிருக்கும்.

காத்திருப்பதா, உடனே மருந்து தருவதா என்ற கேள்வி சென்னையை அடுத்த தாம்பரத்துக்குப் புதிதல்ல. 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம், 2004-ல் எச்.ஐ.வி.க்கு இலவச கூட்டு மருந்து தந்த முதல் மருத்துவமனைகளில் ஒன்றானது. அன்று நோய் எதிர்ப்புத் திறனைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கும்வரை பலர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வரம்பு படிப்படியாகத் தளர்ந்து, 2017-ல் தொற்று தெரிந்தவுடனே மருந்து என்றானது. எத்தனையோ உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. கல்லீரல் விஷயத்தில் அதை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

மருத்துவர் 'ரியாக்டிவ்' தாளோடு நிற்காமல், ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனைக்கு அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். முதல் பரிசோதனை தேடும் ஆன்டிபாடி, தொற்றிய முதல் வாரங்களில் தெரியாமலே போகலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் 'நெகட்டிவ்' என்று வந்தவருக்கும் வைரல் லோடு பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மாத்திரைகளால் அது கிளர்ந்தெழக்கூடும். டயாலிசிஸ் மையத்தில் ஒருவருக்குப் புதிதாகத் தொற்று கண்டால், அங்கே வரும் மற்றவர்களையும் சோதித்தாக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் ஒரே குப்பி படுக்கைக்குப் படுக்கை நகர்கிறதா, கையுறை மாறுகிறதா என்று பொறுப்பாளர் நின்று பார்க்க வேண்டும். போதை ஊசி போடுபவரிடம் "முதலில் அதை விடு" என்று சொல்லி மருந்தை மறுப்பது, தொற்றைத் தெருவில் விடுவதாகும்.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. நோயாளிக்குத் தனித்தட்டு வைக்காதீர்கள். சுத்தமில்லாத ஊசி வழியே இது பரவும் என்பதால், காய்ச்சலுக்கெல்லாம் ஊசி கேட்டு கிளினிக்கில் நிற்காதீர்கள்.

2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி, தன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைரல் லோடு மாதிரி எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யட்டும். பல்லாவரத்துக் கட்டடத் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்குள் போய்க் காத்துக்கிடக்கும் நிலை அதனால் மாறும்.