காசு கொடுத்தால் கால் எங்கும் படலாமா?

வெளிநாட்டுக்குப் போகும் தமிழனிடம் ‘அங்கே ஒழுங்காக நடந்துகொள்’ என்று சொல்வதே காலனிய அடிமைப் புத்தி என்று பொதட்டூர்பேட்டை அன்பர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். அடைமொழிகளை உரித்துப் போட்டால் மிஞ்சுவது மூன்று வாதங்கள்: நம் காசில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள், கூட்டமும் சத்தமும் நம் பண்பாடு, இங்கே வருகிறவர்களை நாம் ஒன்றும் கேட்பதில்லை, அங்கே மட்டும் நாம் ஏன் அடங்க வேண்டும்? இவை ஒன்றின் காலை ஒன்று வாரிவிடுவது அவருக்குத் தெரியவில்லை. படிக்கிறவர்களுக்கும் தெரியாது என்று அவர் முடிவு கட்டியதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் அதிகம் மார்தட்டும் காலனியக் கதையிலிருந்தே தொடங்குவோம். 2015இல் மலேசியாவின் கினபாலு மலை உச்சியில் ஆடை களைந்து படமெடுத்துக்கொண்டவர்கள் யார்? மேற்கத்தியர்கள். முன்னோர் உறையும் இடமென்று அந்த மலையை வணங்கும் கடசான் டூசுன் மக்கள் கொதித்தெழ, நால்வருக்கு மூன்று நாள் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது நீதிமன்றம். மரியாதையைக் கேட்டு வாங்கியது ஒரு காலத்தில் வெள்ளைக்காரனிடம் மிதிபட்ட மண். அப்படியானால் அங்கே அடிமைப் புத்தி யாருக்கு? 2019 அக்டோபரில் பூட்டானின் தோச்சுலா கணவாயில் ஒரு சோர்ட்டென் (பௌத்தத் தூபி) மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டவரோ நம் நாட்டு மோட்டார் சைக்கிள் பயணி. அங்கிருக்கும் 108 சோர்ட்டென்களும், இந்தியாவிலிருந்து ஊடுருவிய ஆயுதக் குழுக்களை 2003இல் விரட்டும்போது மாண்ட பூட்டான் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. அவற்றில் ஒன்றின் தலைமேல் செருப்புக் கால் ஏறியதைக் கண்டிக்க எந்த ஐரோப்பியன் வந்து நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

அடிமைத்தனத்தைப் பற்றி அவருக்கு மெய்யாகவே கவலை இருந்தால் பக்கத்திலிருக்கும் திருத்தணி மலையைப் பார்த்திருப்பார். ஆங்கிலப் புத்தாண்டில் துரைமார் வீட்டு வாசலில் போய் நின்றவர்களை முருகன் சந்நிதிக்குத் திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். இன்றும் டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். துரைக்கு வளைய மறுத்தவர்கள்தான் ஒவ்வொரு படியிலும் குனிந்தார்கள். பணிவுக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படியேறும் எந்தப் பாட்டிக்கும் தெரியும். கட்டுரை எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது காசு. 2019இல் பாலித் தீவு விடுதியொன்றில் ஓர் இந்தியக் குடும்பத்தின் பெட்டிகளைத் திறக்க, அறையிலிருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்த காணொளி ஊரெல்லாம் சுற்றியது. பணம் தந்துவிடுகிறோம் என்று அவர்கள் மன்றாட, உங்களிடம் பணம் இருக்கிறது, மரியாதை இல்லை என்ற பொருளில் விடுதி ஊழியர் சொன்ன பதிலுக்கு நம் அன்பரின் மறுமொழி என்ன? இந்தியர்களும் நாளொன்றுக்கு 1,200 நுல்ட்ரம் கட்ட வேண்டும் என்று 2020இல் சட்டம் செய்த பூட்டான், நம் சட்டைப் பையை நம்பி வாசலில் காத்துக் கிடக்கும் நாடா?

சத்தம் பண்பாடு என்கிறார். ஆந்திர எல்லையோரத்தில் பிறந்தவர் வாயிலிருந்து இது வரலாமா? 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனாலும் துணி மூட்டையோடு எல்லைக்கு அப்பால் நகரிக்கோ புத்தூருக்கோ போகும் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் அந்தக் கடைத் திண்ணையில் உட்காரும்போதே தெலுங்குக்கு மாறிவிடுகிறார். போன இடத்தின் பேச்சையும் முறையையும் ஏற்றுக்கொண்டதால் அவர் தமிழ் எங்கே தேய்ந்தது?

வருகிறவர்களை நாம் கேட்பதில்லையாம்! ஆடிக் கிருத்திகை முடிந்ததும் சரவணப் பொய்கைக் கரையில் குவிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்து, வெளியூர்க் கூட்டத்துக்குப் புத்தியில்லை என்று டீக்கடையில் கொதித்தவர் இவரேதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கச் சொன்னது நம் உயர் நீதிமன்றம்தானே? நம் மலைக்குக் காவல் வேண்டும், அடுத்தவன் மலை மட்டும் திறந்த வீடா?

இத்தனை முரண்பாடும் அறியாமையில் விளைந்ததாக நான் நம்பவில்லை. 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றதிலிருந்து, ஆள் சேர்த்து அழைத்துப்போவது அன்பரின் தொழில். இப்படி நடந்துகொள்ளுங்கள் என்று சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் இத்தனை தத்துவமும். அவருடைய நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. பத்துமலை 272 படி, இந்தியச் சாப்பாடு, ஷாப்பிங், ஏசி பஸ் எல்லாம் கொட்டை எழுத்தில் உண்டு. அந்தப் பத்துமலை அடிவாரத்தில் முழங்கால் தெரிய வருகிறவர்களுக்கு இடுப்பில் சுற்றத் துணி வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்பதோ, படியில் திரியும் குரங்குகளுக்குப் பொட்டலத்தை நீட்டக்கூடாது என்பதோ ஒரு வரி இல்லை. ஏன் இல்லை என்பதற்கு மட்டும் அவர் பதில் எழுதட்டும்.