மலப் பரிசோதனை: பழையதா, புதியதா?

வயிற்று நோயென்று மருத்துவரிடம் செல்வோர் பலர், "மலப் பரிசோதனை செய்து வாருங்கள்" என்று கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். ஆயினும் நம் குடலின் நலத்தை அறிவிக்கும் சான்றுகளுள் இது தலையாயது. அண்மைக் காலத்தில் டி.என்.ஏ. முறையிலும் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. கட்டணமோ அதிகம். "பழைய முறையைக் கைவிட்டுப் புதியதையே நாடலாமா?" என்று குடும்பத் தலைவர்கள் நம்மிடம் கேட்கின்றனர். இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

பழைய முறை எளியது. மலத்தில் சிறிதளவைக் கண்ணாடித் தகட்டில் கரைத்து, நுண்ணோக்கியின் வழியே புழுக்களின் முட்டைகளையும் கிருமிகளையும் தேடுவர். இவை நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஆதலின் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை மலம் கேட்பதுண்டு. பாக்டீரியாவைக் கண்டறிய, அதனை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகும்.

புதிய முறையோ கிருமியின் உருவத்தைத் தேடுவதில்லை, அதன் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. 1983-இல் அமெரிக்கரான கேரி முல்லிஸ் கண்டறிந்த பி.சி.ஆர். என்னும் முறையால், மிகச் சிறிதளவு டி.என்.ஏ.வையும் பன்மடங்காகப் பெருக்கிக் காணலாம். இதற்கென 1993-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சில மணி நேரத்தில் பல கிருமிகளை ஒருங்கே தேட இது உதவுகிறது.

இதன் பயனுக்கு அமீபாவே தக்க சான்று. சீதபேதியை உண்டாக்கும் அமீபாவைப் போலவே தோற்றமுடைய, தீங்கற்ற மற்றோர் அமீபாவும் உண்டென்று 1925-இலேயே பிரெஞ்சு அறிஞர் எமில் புரும்ப்ட் கூறினார். அதை ஏற்றோர் மிகச் சிலரே. 1993-இல்தான் இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது முறையாக நிலைநாட்டப்பட்டது. சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா கண்ணில் பட்டாலன்றி, நுண்ணோக்கியால் இவற்றைப் பிரித்தறிவது அரிது. டி.என்.ஏ. சோதனையோ தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. "அமீபா உள்ளது" என்ற ஒரு வரியை நம்பி, நோயற்றவரும் குமட்டலும் வாய்க்கசப்பும் தரும் மாத்திரைகளை விழுங்க நேர்வதை இது தவிர்க்கும்.

அவ்வாறாயின் பழைய முறை வீணோ? அன்று. கிருமி இறந்த பின்னும் அதன் டி.என்.ஏ. சில காலம் மலத்தில் தங்கக்கூடும். ஆகவே "உண்டு" என்ற முடிவு, நோய் இன்னும் நீடிக்கிறது என்பதற்கு உறுதியான சான்றாகாது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதை, அதனை வளர்த்துப் பார்க்கும் முறையே நன்கு உரைக்கிறது. மேலும், டி.என்.ஏ. சோதனை தேடச் சொன்னதை மட்டுமே தேடும். நுண்ணோக்கியில் பார்ப்பவரோ எதிர்பாராத புழுமுட்டையையும் கண்டுகொள்வார்.

இன்னொன்றையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அனைத்தையும் பட்டியலிட்டுத் தருவதாகக் கூறும் சோதனைகள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. நுண்ணுயிர்களின் கலவை ஆளுக்கு ஆள் வேறுபடும். நலமான குடலுக்கு இதுவே அளவென்று அறிஞர்கள் இன்னும் ஒருமித்து வரையறுக்கவில்லை. அப்பட்டியலை மட்டும் நம்பி உணவை விலக்குவதும் மருந்து வாங்குவதும் அறிவுடைமையன்று. பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பணம் இவ்வழியில் கரையலாமா?

ஆகவே, மருத்துவரிடம் பணிவுடன் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: "இச்சோதனையால் எதைத் தேடுகிறோம்? இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?" இவற்றிற்கு விடை கிடைத்தால், எச்சோதனை தேவை என்பது தானே விளங்கும்.

சோதனைக்கெனக் காத்திருக்கலாகாத வேளைகளும் உண்டு. குழந்தைக்குப் பேதி கண்டால், உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். குழந்தை சோர்ந்து கண்கள் குழிவிழுந்தால், மருத்துவமனைக்கு விரையுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, வெட்கத்தால் மறைக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் இதனைச் சொல்லத் தயங்குவர். பிள்ளைகளே அன்போடு கேட்டறிந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.