கால் அகன்ற கோழிக்குஞ்சு

செஞ்சி வட்டாரக் கிராமங்களில், பொரித்த குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் அகன்று அது எழ இயலாது கிடப்பின், தலைவிதியென்று அதைக் காக்கைக்கு விட்டுவிடுவோர் உளர். இருபத்தொரு நாள் அடைகாத்த கோழிக்கு இது நியாயமன்று. பெரும்பாலும் குற்றம் குஞ்சினுடையதன்று, தரையினுடையதே. சிமிட்டித் தரையிலும் செய்தித்தாளிலும் பாதம் பிடிப்பின்றி வழுக்கி, இளங்கால்கள் விரிந்துவிடுகின்றன.

முதலிரண்டு நாட்களுக்குள் கவனித்தல் அவசியம். மெல்லிய துணிநாடாவினால், கணுவுக்குக் கீழே இரு கால்களையும், இயல்பாய் நிற்குமளவு இடைவெளி விட்டுத் தளர்வாய்ப் பிணைக்க வேண்டும். நூல் கூடாது; சதையை அறுத்துவிடும். நாடோறும் அவிழ்த்துப் பார்த்து மீண்டும் கட்டினால், சில தினங்களில் பல குஞ்சுகள் நடந்துவிடும். அதுவரை மற்றவை கொத்தாதபடி பிரித்து, கதகதப்பாய் வைத்து, கூழாங்கல்லிட்ட ஆழமற்ற தட்டில் நீர் தருக.

விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருப்பின் அது வேறு சங்கதி. ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவு அதற்கொரு காரணம். தாய்க்கோழிக்குத் தானியம் மட்டும் போடும் வீட்டார் கீரையும் மோரும் சேர்த்தல் நலம். முழங்கணுவின் நரம்பு நழுவிய குஞ்சு தேறுவது அரிது, அதை வதைக்கலாகாது. வளர்ந்த கோழி திடீரென முடங்கினாலோ கட்டுப்போடுதல் வீண். தொற்றுநோயாகவும் இருக்கலாமாதலால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

செஞ்சிப் பக்கத்தில் வேர்க்கடலைத் தொலிக்குப் பஞ்சமில்லை. அடுப்புக்குப் போவதில் ஒரு கூடையை எடுத்துக் குஞ்சுக்கூட்டில் பரப்பி, முதல் சில நாட்கள் மேலே கோணித்துண்டு விரித்தால், நாடாவுக்கே வேலை குறையும்.